இருபதாவது வரிசை

ரூசெல் கடற்கரை நகரமான பிளாயாவுக்கு வேலைக்குப் போன நான்காம் நாள் பள்ளிக்கூடத்துக் காட்டில் விதைப்பு. அவன் போனது வீட்டுக்குத் தெரியும், சான்லோல் ஊர் முழுக்கத் தெரியும். தெரியாமல் வைத்திருந்த ஒரே இடம் வருகைப் பதிவேடு.

ஆகஸ்டில் நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டியவர்கள் இருபது பேர். இருபது பேர் இருந்தால்தான் சான்லோலில் மூன்றாம் ஆண்டு என்று ஒன்று இருக்கும். ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடிவிட்டு மீதிப் பிள்ளைகளைப் பெரிய ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பெரிய ஊருக்கு வேனில் ஒன்றேகால் மணி நேரம். லாண்டியின் அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "பையனா இருந்தா அனுப்பலாம்," என்றார். சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த கறுப்பு அவரையின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தார். பேச்சு அத்துடன் முடிந்தது.

அந்தப் பையன்தான் ஒரு ஓட்டல் சமையலறையில் தட்டுக் கழுவப் போயிருந்தான். லாண்டியும் ரூசெலும் இரட்டையர். அவன் கால் மணி நேரம் மூத்தவன். அந்தக் கால் மணி நேரத்தைப் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தவன்.

லாண்டி கிரிசெல்டா டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், அவன் பேரை மட்டும் அடிச்சிராதீங்க."

"எத்தனை நாளைக்குடி மறைக்க முடியும்?"

"அக்டோபர்லதான சரிபார்க்க வருவாங்க? அது வரைக்கும்தான் டீச்சர்."

டீச்சர் மெரிதா நகரத்துக்காரி. மூன்று வருஷத்துக்கு முன் சான்லோலுக்கு வந்தவள். தீ வைக்காமல், மருந்து அடிக்காமல் மக்காச்சோளம் விளைய வைக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதற்காக ஊர்ப் பொதுவில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு துண்டுக் காடு வாங்கியவள். ஊர்க்காரர்கள் அதை 'டீச்சரோட குப்பைமேடு' என்றார்கள். வெட்டிப் போட்ட புதரை எரிக்காமல் மண்ணுக்கே போர்வையாக விட்டால் வேறென்ன சொல்வார்கள்? வகுப்பை மூடினால் அந்தக் காடும் மூடப்படும். டீச்சர் பேனாவை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், பிறகு மூடி போட்டுப் பைக்குள் வைத்துவிட்டாள்.

விதைப்புக்கு முன், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணைக் காக்கும் காட்டுக்குடையவருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர் எலெவுத்தேரியோ. மூன்று சக்கர வண்டி ஓட்டுவது அவர் பிழைப்பு. வேண்டுதல் சொல்வது அப்பாவழி வந்தது. அன்று காலையும் ஒரு சவாரியை இறக்கிவிட்டு அவசர அவசரமாக வந்தார்.

குச்சிகளைக் கட்டி ஒரு மேசை. அதன் மேல் சுரைக் கிண்ணங்களில் வெள்ளை மக்காச்சோளக் கஞ்சி, தேன் விட்டு. காட்டில் இறங்கப்போகும் கைக்கு ஒரு கிண்ணம் வீதம் வைப்பது சான்லோல் வழக்கம். எத்தனை கிண்ணம் வைத்தோமோ அத்தனை பேர் கதிர் முற்றும் வரை வருவோம் என்று வாக்கு.

"எத்தனை கை?" என்று கேட்டார் எலெவுத்தேரியோ.

டீச்சர் லாண்டியைப் பார்த்தாள். பதிவேடு டீச்சரின் கக்கத்தில் இருந்தது.

"இருபது," என்றாள் டீச்சர்.

லாண்டி தன் கிண்ணத்தை ஒரு கையிலும் ரூசெலின் கிண்ணத்தை மறு கையிலும் கொண்டுபோய் வைத்தாள். எலெவுத்தேரியோ கிழக்கே பார்த்து, பழைய மாயா மொழியில், எண்ணிக்கையை உரக்கச் சொன்னார். அப்போது காற்று நின்றது. காற்று எப்போதும் எங்காவது நிற்கத்தானே செய்யும் என்று லாண்டி நினைத்துக்கொண்டாள்.

காட்டை நீளவாக்கில் இருபது வரிசையாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று. நடுகோலால் பாறை இடுக்கில் மண் இருக்கும் இடமாகப் பார்த்துக் குத்தி, குழிக்கு நாலு மக்காச்சோளம், ரெண்டு அவரை, ஒரு பூசணி. கடைசி வரிசை புதரை ஒட்டியது. அது ரூசெலுடையது. பத்தொன்பதாவது லாண்டியுடையது. அவன் வரிசையை எல்லாருமாகப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குப் பாடம் காட்டில். விடுமுறையிலும் வர வேண்டும். டீச்சர் கல் சுவரின் மேல் ஏறி நின்று பெயர் கூப்பிடுவாள். காட்டுக்குள் ஒருவர் பெயரை உரக்கக் கூப்பிடுவது அந்த ஊரில் பழக்கமில்லை. அப்பாமார்கள் சீழ்க்கை அடித்துத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் நெளிந்தார்கள். டீச்சர் கவனிக்கவில்லை. ரூசெல் பெயர் வரும்போது எல்மெர் குரலைக் கரகரப்பாக்கி "உள்ளேன் டீச்சர்" என்பான். எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்காமல் டிக் போடுவாள்.

மூன்றாம் வாரம் களை முளைத்தது. நாலாம் வாரம் ஒவ்வொருவரும் வளைகத்தியோடு தன் தன் வரிசையில் குனிந்து, முதுகு பிளக்க, பாதிதான் முடித்திருந்தார்கள். கடைசி வரிசை மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். வெட்டிய களையைச் செடியின் காலடியிலேயே பாய்போல் பரப்பி, பூசணிக் கொடியைப் பாறை மேல் ஏற்றிவிட்டு, டீச்சர் கரும்பலகையில் வரைந்து காட்டிய படம் போலவே இருந்தது.

"லாண்டி, அண்ணன் பாசம் பொங்குதே!" என்றான் எல்மெர். "என் வரிசையையும் கொஞ்சம் பாசத்தோட பாரேன்."

"நான் செய்யல. நீதான் செஞ்சிருப்ப."

"நானா? என் வீட்டு முற்றத்தையே நான் கூட்டினதில்ல."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்மெர் தன் வரிசைக்குப் போய்க் குனிந்தான்.

ஜூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. எல்மெர் வாயில் ஒரு பெரிய மாங்கொட்டை, சாறு முழங்கை வரை ஒழுகிக்கொண்டிருந்தது. டீச்சர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ரூசெல்."

எல்மெர் அவசரமாகக் கொட்டையை வெளியே எடுக்கப் பார்த்தான். எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"உள்ளேன் டீச்சர்."

கடைசி வரிசையிலிருந்து வந்தது. உரக்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. கரகரப்பு இல்லை. அது ரூசெலின் குரல். காலையில் எழுந்தவுடன், இன்னும் தண்ணீர் குடிக்காத தொண்டையோடு அவன் பேசும் குரல். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

யாரும் சிரிக்கவில்லை. மாங்கொட்டை எல்மெரின் கையிலிருந்து நழுவி விழுந்தது. டீச்சர் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி செடிகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து டிக் போட்டாள்.

அன்று உச்சி வேளையில் லாண்டி தனியாகத் திரும்பிப் போனாள். யாராவது அண்ணனைப் போல் நடித்து ஊரை ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கத்தான் போனாள். வெயில் தலைக்கு நேர் மேலே. கல் சுவரில் ஓணான்கூட இல்லை. மக்காச்சோளம் அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஓர் இலை அசையவில்லை.

கடைசி வரிசையில் மட்டும் சத்தம் கேட்டது. வளைகத்தி கல்லில் உரசும் சத்தம். சர்க். சர்க். நடுவில் ஓர் இடைவெளி. ஆள் களையை அள்ளி அடியில் போட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. மறுபடி சர்க்.

லாண்டி தன் வரிசையில் நின்று செடிகளின் இடுக்கு வழியே பார்த்தாள். கத்தியும் இல்லை, கையும் இல்லை. ஆனால் ஒரு பிடி களை அவள் கண்ணெதிரே அடியோடு சாய்ந்தது. அறுபட்ட தண்டிலிருந்து பால் கசிந்தது. அடுத்த பிடி சாய்ந்தது. அது அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது, எந்த அவசரமும் இல்லாமல், வேலையில் மூழ்கிய ஆள் வருவதுபோல. அவளுக்கு நேராக வந்ததும் நின்றது. வியர்வை வாசனை அடித்தது. அதோடு ஓட்டல் சோப்புத்தூளின் எலுமிச்சை வாசனையும்.

அவள் ஓடினாள். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ரூசெல் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமாவது போன் வாங்கிப் பேசுவான். அந்த ஞாயிறு அவன் குரல் எங்கோ அடிக்கிணற்றிலிருந்து வந்தது.

"கையெல்லாம் கொப்புளம்டி. தட்டு கழுவினா கொப்புளம் வருமா? நகத்துக்குள்ள வேற மண்ணு. செஃப் திட்டறான், குளிச்சிட்டு வேலைக்கு வாடா காட்டுப்பயலேன்னு. நான் குளிச்சிட்டுத்தான் வரேன்."

"தூங்கறியா ஒழுங்கா?"

"அதான் கூத்து. மத்தியானம் நின்னுட்டே தூங்கிடறேன். இன்னொண்ணு சொன்னா சிரிப்ப."

"சொல்லு."

"இங்க என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா எனக்குக் காதுல விழ மாட்டேங்குது. ரூசெல் ரூசெல்னு கத்தறாங்களாம். தோளைத் தட்டினாத்தான் திரும்பறேன். ஆனா செவ்வாயும் வெள்ளியும் காலைல எட்டு மணிக்கு யாரோ தூரத்துல இருந்து கூப்பிடறாங்க. அது மட்டும் பளிச்சுன்னு கேக்குது. என்னையும் அறியாம 'உள்ளேன் டீச்சர்'ங்கறேன். கிச்சனே விழுந்து விழுந்து சிரிக்குது."

லாண்டி சிரிக்கவில்லை. "வீட்டுக்கு வந்துரு," என்றாள்.

"வந்து? டீச்சர் குப்பைமேட்டுல களை வெட்டவா?" என்று அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. போன் கொடுத்தவன் அதைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பரில் அம்மா பிளாயாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து மாவைத் தட்டாமல் வெகுநேரம் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "எலும்பும் தோலுமா இருக்கான்," என்றாள். "நான் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். யாரையோ பாக்கற மாதிரி பாத்தான்."

கூட்டி வரப் பார்த்தாளாம். பேருந்து நிலையம் வரை வந்தவன், வண்டியில் கால் வைக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். "நான் ஏற்கனவே அங்கதானம்மா இருக்கேன், மறுபடி எப்படி வரது?" என்று கேட்டானாம்.

மறுநாள் லாண்டி எலெவுத்தேரியோவைத் தேடிப் போனாள். அவர் சந்தையடி நிழலில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"என்கிட்ட இருபதுன்னாங்க. நான் இருபதுன்னு சொல்லிட்டேன். இப்ப வந்து பத்தொன்பதுங்கற. நல்லா இருக்கு. என் வாயை வெச்சுப் பொய் சொல்ல வெச்சிருக்கீங்க."

"தப்புதான் மாமா. இப்ப என்ன செய்யறது?"

"இருபதுன்னு சொன்னா அது இருபதை எப்படியாவது நிரப்பிக்கும். வர்றவன் வந்தா சரி. வராதவன்கிட்ட இருந்து எடுக்கற வரைக்கும் எடுக்கும்." கையை லுங்கிபோல் இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தார். "குழியில புதுக் கதிர் வேகறதுக்கு முந்தி சொன்னா அது ஏத்துக்காது. வெந்ததும், பங்கு போடறதுக்கு முன்னாடி, காட்டுலயே நின்னு, அவன் இல்லன்னு வாய்விட்டுச் சொல்லணும். அவன் பங்குன்னு இலையில வெச்சுட்டா, அப்புறம் அந்தக் கை காட்டோட கை. யாராலயும் எடுக்க முடியாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னா கேக்கற? சொன்னதும் அது கேக்கும், அப்ப யாருன்னு. கேட்டா எல்லாரும் வாயை மூடிட்டு நிக்கணும். ஒருத்தரும் பேரு சொல்லக் கூடாது. மூணு மூச்சு விடற நேரம். பதில் வரலேன்னா அது அடங்கிரும். எவனாவது பேரைச் சொன்னானோ, தொலைஞ்சான்."

பங்கு போடும் நாள் அக்டோபர் ஏழு. டீச்சர் அதை முன்பே குறித்திருந்தாள். சரிபார்க்கும் அதிகாரி வருவதும் அன்றைக்குத்தான். புதுக் கதிர் விருந்தை அவருக்குக் காட்டினால் காடு தங்கும் என்று அவள் கணக்கு.

"அவர் சாப்பிட்டுப் போனதும் சொல்லேன் லாண்டி," என்றாள் டீச்சர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பிடுவார்."

"பங்கு வெச்சதுக்கு அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம் டீச்சர்?"

"வகுப்பு போயிடும்டி. உன்னை வீட்ல உட்கார வெச்சிடுவாங்க. அதான் பதில் சொல்லுதே, கூப்பிட்டா. இத்தனை நாள் சொல்லிச்சு. இன்னும் ஒரே ஒரு நாள்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று டீச்சருக்குக் கேட்டது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லாண்டி பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாள். எல்மெரிடம் இரண்டு முறை சொன்னாள்.

"அது கேக்கும்போது மட்டும் வாயைத் திறந்திராத. உன் வாய் சும்மா இருக்காது."

"வாய்க்குள்ள முழு வாழைப்பழத்தை வெச்சுக்கறேன், போதுமா?" என்றான்.

அதிகாரியின் பெயர் ஹெர்மிலோ காந்தோன். குட்டையாக, பருமனாக, வெள்ளைச் சட்டையில் வியர்த்து வந்தார். பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி பென்சில் கொண்டுவந்திருந்தார். யாரும் கேட்காமலே கொண்டுவந்தது. வயிற்றுப் புண்ணாம். மனைவி கட்டிக்கொடுத்த வெறும் சோற்றுப் பொட்டலத்தைக் காட்டி, "உங்க விருந்தைக் கண்ணால சாப்பிடறேன், வாயால இது," என்று சிரித்தார். லாண்டிக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்தாள்.

குழியைத் திறந்தார்கள். சூடான மண்ணும் வெந்த கதிரும் சேர்ந்த மணம் காடெங்கும் பரவியது. தரையில் இருபது வாழையிலைத் துண்டுகள். எல்மெரும் மிர்னாவும் கதிர்களை உரித்துக் கூடையில் அடுக்கினார்கள். இலைகள் இன்னும் காலி.

"முதல்ல பேரு கூப்பிட்டு முடிச்சிடுங்க டீச்சர்," என்றார் ஹெர்மிலோ, பதிவேட்டின் நகலைப் பிரித்தபடி. "அப்புறம் நிம்மதியா உட்காரலாம்."

டீச்சர் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக். பத்தொன்பது முடிந்தது. அவள் நிறுத்தினாள். ஹெர்மிலோ நிமிர்ந்தார்.

"ரூசெல்," என்றாள் டீச்சர், மண்ணைப் பார்த்து.

"உள்ளேன் டீச்சர்."

கடைசி வரிசையிலிருந்து வந்தது. களைத்த குரல். ஹெர்மிலோ செடிகளின் பக்கம் தலையாட்டிவிட்டு டிக் போட்டார். "வேலைக்காரப் பிள்ளை போல. விருந்துக்குக்கூட வெளிய வரலயே," என்றார்.

மிர்னா கூடையைத் தூக்கினாள். முதல் இலையில் இரண்டு கதிர். இரண்டாவது இலையில் இரண்டு கதிர். லாண்டி பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் ஆண்டு, அதன் பிறகு மேல்நிலை, அதன் பிறகு இன்னும் ஏதோ. பெயர் வைக்காத ஒன்று அவள் நெஞ்சுக்குள் இருந்தது. வேனும் ஒன்றேகால் மணி நேரமும் அப்பாவின் எலுமிச்சையும் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டாவது இலை. பதினைந்தாவது இலை.

"இல்ல," என்றாள்.

கூடை நின்றது.

லாண்டி ஹெர்மிலோவைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "ரூசெல் இல்ல. ஜூன் மாசத்துல இருந்தே இல்ல. கிண்ணம் வெச்ச அன்னிக்கே இல்ல. நான்தான் வெச்சேன். அவன் கை இங்க இல்ல."

"என்னம்மா இது? இப்பத்தானே பதில் சொன்னான்?" என்றார் ஹெர்மிலோ.

தூரத்தில் புதரில் கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒரே நேரத்தில் வாயடைத்தன. கடைசி வரிசையில் வளைகத்தி ஒன்று கல் மேல் விழும் சத்தம் கேட்டது. யாரோ நெடுநேரம் பிடித்திருந்ததைக் கைவிட்டதுபோல. பிறகு மக்காச்சோளத் தாள்கள், காற்றே இல்லாமல், முதல் வரிசையிலிருந்து இருபதாவது வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தன. எண்ணிக்கொண்டு போவதுபோல இருந்தது.

"அப்ப யாரு?"

ஆண் குரல் இல்லை, பெண் குரல் இல்லை. கேட்ட விதத்தில் கோபம்கூட இல்லை. பந்தி பரிமாறுபவர் காலி இடத்தைக் காட்டிக் கேட்பாரே, அப்படிக் கேட்டது.

பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். எல்மெர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான். டீச்சரின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. சத்தம் இல்லை. ஒரு மூச்சு.

ஹெர்மிலோவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் லாண்டியின் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் நின்றார். பதிவேட்டை மூடினார். புதருக்குள் எவனோ ஒளிந்து விளையாடுகிறான் என்று நினைத்தார் போல. முகம் சிவந்தது. இரண்டாம் மூச்சு. அவர் உதடு பிரிவதை லாண்டி பார்த்தாள். எட்டி அவர் வாயைப் பொத்தியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஒரு மூச்சின் பாதியில், கண்ணாடிபோல் தெளிவாக, அவளுக்குள் ஓர் எண் வந்து நின்றது. இருபது.

அவள் கை எழவில்லை.

"யாருன்னா கேக்கற? நான் ஹெர்மிலோ காந்தோன். சரிபார்க்க வந்த அதிகாரி. வெளிய வாடா!"

தாள்கள் அசைவதை நிறுத்தின. பறவைகள் மறுபடி கத்தத் தொடங்கின. அவ்வளவுதான்.

ஹெர்மிலோ கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றார். எதற்காகக் கோபப்பட்டோம் என்று தேடுபவர்போல் நெற்றியைத் தடவினார். பிறகு பதிவேட்டைத் திறந்து, இருபது பேர் என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். கடைசி இலைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். மிர்னா என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். மிர்னா இரண்டு கதிரை வைத்தாள். வயிற்றுப் புண்ணுக்காரர் இரண்டையும் மணி மணியாகத் தின்றார். சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் சுவரின் மேல் கிடந்தது. சாயங்காலம் எறும்பு மொய்த்தது.

அன்றிரவே ரூசெல் பேசினான். "மூணு தட்டு உடைச்சிட்டேன்," என்று சிரித்தான். "செஃப் பேரு சொல்லிக் கூப்பிட்டான் பாரு, காதுல இடி விழுந்த மாதிரி கேட்டுச்சு. பயத்துல போட்டுட்டேன்." ரொம்பப் பசிக்கிறது என்றான். இரண்டு வாரத்தில் அவன் முகத்தில் சதை பிடித்துவிட்டதாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் ஆண்டு மூடப்படவில்லை. டீச்சர் அதன் பிறகு காட்டில் பெயர் கூப்பிடுவதில்லை. வகுப்பறைக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூப்பிடுவாள். ரூசெல் பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

எலெவுத்தேரியோதான் ஒரு நாள் வண்டியை நிறுத்தி லாண்டியிடம் சொன்னார். பெரிய ஊர் அலுவலகத்தில் ஒருவர் மேசையிலேயே உட்கார்ந்து தூங்குகிறாராம், மத்தியானம் மத்தியானம். மனைவி பெயர் சொல்லி அழைத்தால்கூடத் திரும்புவதில்லையாம். டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்கிறாராம். சொல்லிவிட்டு, அவள் எதுவும் கேட்கப் போகிறாளா என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"பங்கு தின்னாச்சு, இனிமே எடுக்க முடியாது," என்று லாண்டி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் எலெவுத்தேரியோ சொன்னது பிள்ளைகளின் வாக்கைப் பற்றி. கிண்ணம் வைக்காத ஆளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை இன்னும் எடுக்கலாம். காட்டில் போய் நின்று ஹெர்மிலோ காந்தோன் இல்லை என்று சொன்னால் போதுமாக இருக்கலாம். அப்புறம் அது கேட்கும். அங்கே அவள் ஒருத்திதான் இருப்பாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் முடிந்தது. சுலபம்தான். ஆனால் அவருக்கு நினைவு திரும்பும். நினைவு திரும்பினால், ஒரு பெண் எழுந்து நின்று 'ஜூன் மாசத்துல இருந்தே இல்ல' என்று சொன்னதும் திரும்பும்.

நவம்பர் முதல் வாரம், எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவள் காட்டுக்குப் போனாள். முற்றிய தாள்களைக் கதிருக்குக் கீழே மடித்துவிடும் காலம். மடித்துவிட்டால் மழைத் தண்ணீர் கதிருக்குள் இறங்காது, கிளி கொத்தாது. பிள்ளைகள் யாரும் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கடைசி வரிசை முழுக்க மடிக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஒரே உயரத்தில், ரூசெல் மடிக்கும் உயரத்துக்கு ஒரு சாண் கீழே, குட்டையான ஆளின் நெஞ்சுயரத்தில். மடிப்பு ஒவ்வொன்றும் புதிது, கொஞ்சம் கோணல். இந்த வேலையை இதற்கு முன் செய்திராத கை. மண்ணில் தோல் செருப்பின் தடம் இருந்தது. ஒரு தாளின் மேல் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

லாண்டி வாயைத் திறந்தாள். ஹெர்மிலோ என்பதன் முதல் எழுத்துக்கு நாக்கு தயாராக நின்றது.

பள்ளிக்கூடத்து மணி அடித்தது. முதல் பாடம் கணக்கு. அன்றைக்குத் தேர்வு. போன தேர்வில் அவளுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

தாள்களுக்குள் யாரோ இருமினார்கள், வயிறு வலிக்கிறவர் இருமுவதுபோல, மரியாதையாக, கையால் வாயைப் பொத்தி.

அவள் புத்தகப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வகுப்பைப் பார்த்து ஓடினாள்.